எதிர்வீட்டு அத்தையின் கேம் கம்ப்யூட்டர்

தலைக்கு மை பூசத் தொடங்கிவிட்ட என் வயசுக்காரர்களே, உங்களில் யாராவது ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்துப் பயந்ததுண்டா? வைரஸ் வந்துவிட்டதே என்றோ, அப்பா வந்துவிடுவாரே என்றோ பயந்ததைக் கேட்கவில்லை. அதெல்லாம் எல்லோருக்கும் உண்டு. திரையில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, அவன் திரும்பிவிடக் கூடாதே என்று பயந்ததுண்டா என்று கேட்கிறேன். எனக்கு உண்டு. நான் ஒன்பதாவது படித்த வருஷம், ஐப்பசி மழையில், காரைக்கால் தலத்தெருவில், எங்கள் எதிர்வீட்டு மாடியில்.

அந்த வீட்டில் இரண்டே பேர், அத்தையும் சொல்தா மாமாவும். எங்களுக்கு உறவு ஒன்றுமில்லை. தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர்கள் அத்தை, மாமாதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். மாமா விறைப்பான ஆள். வெயிலோ மழையோ, நீளக் கறுப்புக் குடை இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். ஒரே மகன் பிரான்சில் இருந்தான். அவனும் பட்டாளத்தில் சேர வேண்டும் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். அவன் முடியாது என்று ஏதோ ஓட்டலில் சமையல் வேலைக்குப் போய்விட்டான். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்று மாமா போனில் கத்தியது எங்கள் கூடம் வரைக்கும் கேட்டது. அது மாசி மாதம். சித்திரைக்குப் பிறகு அவனிடமிருந்து போனே வரவில்லை.

அத்தைக்கு அதற்கு முந்தின வருஷம்தான் புதுச்சேரியில் இதய ஆபரேஷன் நடந்திருந்தது. அதிர்ச்சியான சேதி எதையும் அவரிடம் சொல்லக் கூடாது என்று டாக்டர் மாமாவிடம் சொல்லி அனுப்பியது தெருவுக்கே தெரியும். அத்தைக்கும் தெரியும். அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே மாமாவும் வந்தார். என் அண்ணன் அப்போது பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். தெருவில் யார் வீட்டு டி.வி. ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

"தம்பி, எம்புள்ள எந்நேரமும் ஏதோ கேம்லயே கெடக்குறானாம். மாமா சொன்னாங்க. போன எடுக்க மாட்டேங்குறான், ஆனா அதுல மட்டும் இருப்பானாம். அந்த கேம் ஓடுற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் போட்டுக் குடுப்பா. நான் அங்க போயி அவனப் பாத்துக்குறேன்" என்றார் அத்தை.

"உனக்கெதுக்கு அதெல்லாம்? கண்ணு கெட்டுப்போவும்" என்றார் மாமா.

"நீங்க சும்மா இருங்க. சண்டை போட்டது நீங்க. நான் என்ன பண்ணேன் எம்புள்ளைய?"

அது என்ன கேம், மகன் அதில் என்ன பெயரில் இருக்கிறான் என்று அண்ணன் மாமாவிடம் கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்றார். நாளை மூன்று நாளாயிற்று. பிறகு ஒரு துண்டுச் சீட்டில் இரண்டையும் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். வயசாகிவிட்டது, மறந்துபோகிறார் என்று நினைத்தேன். பெரியவர்களைப் பற்றி நாம் அந்த வயதில் நினைத்ததெல்லாம் இந்த லட்சணம்தான்.

அத்தை கொடுத்தது ஏலச்சீட்டு எடுத்த பணம், இருபதாயிரம். அதற்கு மேல் பைசா கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். நானும் அண்ணனும் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பட்டியல் போட்டோம். பிராசசர் சுமாராக இருந்தால் போதும், கிராபிக்ஸ் கார்டுதான் உயிர் என்பது அண்ணன் கட்சி. ராமைக் குறைத்தால் கேம் திக்கித் திக்கி ஓடும் என்பது என் கட்சி. மானிட்டர் பழைய பெட்டி மாடல் போதும் என்பதில் மட்டும் ஒத்துப்போனோம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அத்தையின் மகன் மேல் அக்கறை ஒன்றும் இல்லை. நல்ல கார்டு போட்டுவிட்டால் பகலில் நான் போய் விளையாடலாம், அவ்வளவுதான் என் கணக்கு. அந்தக் கணக்கை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் பாய் ஒருவர் இருந்தார். பட்டியலைப் பார்த்துவிட்டு, "மதர்போர்டு சரி. ஆனா இந்த மலிவு பவர் சப்ளைய நம்பி இவ்வளவு பெரிய கார்டு போடாதீங்க. ஒரு நாள் பொக பொகன்னு பொகஞ்சிரும்" என்றார். அதை நல்லதாக மாற்றினோம். அதற்குக் கேபினெட்டில் குறைத்தோம். எல்லாம் கூட்டிப் பார்த்தால் இருபதாயிரத்துக்குள் அழகாக அடங்கியது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

அப்போதுதான் கூட வந்திருந்த அத்தை கேட்டார். "கரண்டு போனா?"

"நம்மூர்ல கரண்டு எங்கம்மா போவுது? வாஞ்சூர் செக்போஸ்ட் தாண்டினாத்தான் இருட்டு. யு.பி.எஸ். எல்லாம் தண்டச் செலவு" என்றார் பாய். அது எங்கள் ஊர்ப் பெருமை. எல்லைக்கு அந்தப் பக்கத் தமிழ்நாட்டு ஜில்லாக்காரர்கள் விசிறியோடு உட்கார்ந்திருக்கும்போது நாம் ஃபேன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நானும் பாயோடு சேர்ந்துகொண்டு வேண்டாம் என்றேன்.

அத்தை அசையவில்லை. "பேசிக்கிட்டிருக்கும்போது பொட்டுன்னு நான் மறைஞ்சிட்டா அவன் என்ன நெனப்பான்? அம்மாவும் கோச்சுக்கிட்டு எந்திரிச்சிப் போயிட்டான்னுதான நெனப்பான்? எனக்கு அது வேணும்."

யு.பி.எஸ். உள்ளே வந்தது, நாங்கள் ஆசைப்பட்ட கார்டு வெளியே போனது. அதற்குப் பதிலாக பாய் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய கார்டை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்கவே வராமல் போனதாம். "ஆளு என்ன ஆனாருன்னு தெரியல. நம்பருக்கு அடிச்சாலும் எடுக்கல. நல்ல கார்டு, ஓடும்" என்றார். எனக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை.

மாடியில் மகனுடைய அறையில்தான் கம்ப்யூட்டர் வைத்தோம். அவன் படித்த மேசை. சுவரில் ஆணியில் அவனுடைய கோடு போட்ட சட்டை தொங்கியது. அத்தை மாதம் ஒரு முறை அதைத் துவைத்துத் திரும்ப அங்கேயே மாட்டுவார். இன்டர்நெட் மோடத்தையும் அண்ணன் யு.பி.எஸ்ஸிலேயே சொருகினான். பொத்தானை அமுக்கியதும் அந்தப் பழைய கார்டின் காற்றாடி ம்ம்ம் என்று முனகத் தொடங்கியது. கொஞ்சம் நிற்கும். மறுபடி முனகும். "யாரோ தூக்கத்துல மூச்சு விடுற மாதிரி இல்ல?" என்றார் அத்தை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சட்டையைப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டேன்.

அத்தைக்கு டைப் அடிக்கத் தெரியாது. அதனால் அவர் கைகால் நான்தான். விளையாட்டில் முதலில் நமக்கு ஓர் உருவம் தேர்ந்தெடுக்க வேண்டும். கிழவி உருவம் எதுவும் அதில் இல்லை. வாள் ஏந்திய குமரி ஒருத்தியைத்தான் எடுக்க முடிந்தது. "என்னடி இது, அரையும் குறையுமா நிக்கிறா? ஒரு துணி போத்தி விடு" என்றார் அத்தை. ஒரு சாம்பல் நிற அங்கி தேடிப் போர்த்திவிட்டேன். சீட்டில் இருந்த பெயரைத் தேடினோம். படகுத்துறை என்று காட்டியது.

படகுத்துறையில் ஏகப்பட்ட கூட்டம். வியாபாரம் செய்கிறவர்கள், சண்டை போடுகிறவர்கள், சும்மா குதிக்கிறவர்கள். எல்லாம் உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்து விளையாடுகிறவர்கள். பலகை முடிகிற இடத்தில் ஒருவன் மட்டும் கடலைப் பார்த்து நின்றான். தலைக்கு மேல் அந்தப் பெயர். ஆயுதம் இல்லை. விளையாட்டில் முதல் நாள் கொடுக்கிற துணியோடு நின்றான்.

"எம்புள்ள" என்றார் அத்தை. என் தோளில் கையை வைத்துக்கொண்டார்.

'அம்மா வந்திருக்கேன்' என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடித்தேன். அவன் திரும்பவில்லை. பதில் வர ரொம்ப நேரம் ஆனது. 'வாம்மா' என்று வந்தது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு நான் மாடியேறினேன். மாமா ஐந்து மணிக்கே குடையோடு நடக்கப் போய்விடுவார். "அவங்க வீட்ல இருந்தா இவன் வரமாட்டேங்குறான் பாத்தியா? அப்பன் மேல அவ்வளவு கோவம்" என்பார் அத்தை. அது சரிதான். மாமா வீட்டில் இருந்த நாளில் அவன் வந்ததே இல்லை.

அவன் பேசியது கொஞ்சம். சாப்பிட்டேன். குளிருது. மாத்திரை போட்டியாம்மா. அவ்வளவுதான். ஆனால் அவன் நடந்துகொண்ட விதம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லோரும் துள்ளி ஓடுகிற இடத்தில் அவன் சுவரில் போய் முட்டுவான். முட்டியபடியே நிற்காமல் நடப்பான். முகம் சுவரில், கால்கள் மட்டும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் பலகை விளிம்பிலிருந்து கடலில் விழுந்துவிட்டான். நான் எட்டிப் பார்த்தேன். அடியில், மணலில், தண்ணீருக்குள் நின்று மேலே அண்ணாந்து பார்த்தபடி இருந்தான். முதல் முறையாக அவன் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண் சிமிட்டாத மொழுமொழு முகம். அங்கிருந்தே எழுதினான்: 'நல்லா இருக்கேம்மா.'

அன்றிரவு எனக்குக் காய்ச்சல். அம்மா வேப்பிலையைத் தலைமாட்டில் செருகிவிட்டு, இனி அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்றாள். மறுநாள் அத்தை வந்து வாசலில் நின்றார். போனேன்.

ஒவ்வொரு நாளும் கடைசியில் அத்தை ஒரே கேள்வியை அடிக்கச் சொல்வார். 'அப்பா மேல இன்னும் கோவமா?' அதற்கு மட்டும் பதில் வராது. அந்த உருவம் அப்படியே நிற்கும். சில நாள் பத்து நிமிஷம்கூட நிற்கும். பிறகு சொல்லாமல் மறைந்துபோகும். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குச் சொல்லுவான்" என்பார். எனக்குக் கோபமாக வரும். என்ன பிள்ளை இவன், ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று திட்டிக்கொண்டே படியிறங்குவேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வருவதில்லை. லீவு நாளில்தானே வர வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டேன். ஊரில் பந்த் நடந்து கடையெல்லாம் அடைத்திருந்த அன்றைக்கும் அவன் வரவில்லை. காரைக்காலில் பந்த் என்றால் பிரான்சில் இருப்பவனுக்கு என்ன? அவன் உயிரோடு இருக்கிற ஆள்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது அன்றைக்குத்தான். யாரிடமும் சொல்லவில்லை.

செத்தவர்களுக்குக் கிறிஸ்தவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் வந்தது. அன்று டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும்போது கல்லறைத் தோட்டத்தின் தாழ்ந்த சுவருக்கு அப்பால் மாமாவைப் பார்த்தேன். அவருடைய அப்பா அம்மா கல்லறையில் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்தார். பிறகு தோட்டத்தின் மூலைக்குப் போனார். அங்கே கல்லறையே கிடையாது, வெறும் மணல். அந்த மணலில் ஒரு மெழுகுவர்த்தியை நட்டு ஏற்றினார். தூறல் அதை அணைத்தது. மறுபடி ஏற்றி, தன் தலைக்குப் பிடித்திருந்த குடையை அதற்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடி குந்தியிருந்தார்.

"யாருக்கு மாமா அது?" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

திடுக்கிட்டுப் பார்த்தார். "யாரும் பக்கத்துல இல்லாம செத்தவங்களுக்கும்மா. நீ வீட்டுக்குப் போ, நனையாத" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் விளையாட்டுக்குப் புதிதாக ஏதோ இறக்க வேண்டியிருந்தது. எங்கள் லைனில் அது இறங்கி முடிய நாள் கணக்காகும். சாயங்காலம் ஐந்தேகாலுக்கு நான் கடைத்தெரு பிரவுசிங் சென்டருக்கு சி.டி.யில் எழுதி வாங்கிவரப் போனேன். வாசலில் பழைய யு.பி.எஸ். பேட்டரிகள் அடுக்கியிருந்தன. "பேட்டரியெல்லாம் செத்துப்போச்சு பாப்பா, கரண்டு இருக்குறப்பவே சீக்கிரம் எழுதிக்க" என்றார் சென்டர்க்காரர். கடைசித் தடுப்பின் மேல் ஒரு நீளக் கறுப்புக் குடை மாட்டியிருந்தது. அவரே சொன்னார்: "மாமா தினம் வர்றாங்க. பென்ஷன் விஷயமா பிரான்சுக்கு லெட்டர் அடிப்பாங்க போல. ஒத்த வெரல்ல டொக்கு டொக்குன்னு." நான் சி.டி.யை வாங்கிக்கொண்டு, ஐந்தரைக்கு மாடியேற வேண்டுமே என்று சைக்கிளை மிதித்தேன். அத்தனையும் கண் முன்னால் இருந்தும் எனக்கு மண்டையில் ஏறவில்லை.

கார்த்திகை பிறந்து புயல் சின்னம் என்று ரேடியோ சொன்ன நாள். காற்று சுழன்று அடித்தது. அண்ணனும் அன்று என்னோடு மாடிக்கு வந்திருந்தான். படகுத்துறையில் அவன் நின்றான். நான்கு வார்த்தை பேசினோம். அத்தை வழக்கமான கேள்வியை அடிக்கச் சொன்னார். அடித்தேன்.

கரண்ட் போனது. தெருவே இருண்டது. யு.பி.எஸ். கீச் கீச் என்று கத்தத் தொடங்கியது. திரை மட்டும் அணையாமல் எரிந்தது. அதில் எல்லோரும் இருந்தார்கள். வியாபாரம் செய்கிறவர்கள், சண்டை போடுகிறவர்கள், குதிக்கிறவர்கள், ஒருவர் பாக்கியில்லாமல் இருந்தார்கள். பலகை முடிகிற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"லைன் கட்டாயிருக்கும்" என்றேன். "நம்ம லைன்தான் இருக்கே" என்றான் அண்ணன்.

ஐந்து நிமிஷத்தில் கரண்ட் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவனும் அதே இடத்தில் வந்து நின்றான். அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஒரு காற்று. மறுபடி கரண்ட் போனது. விளக்கு அணைந்த அதே நொடியில் அவனும் அணைந்தான்.

"பிரான்ஸ்ல இருக்கறவனுக்கு நம்மூரு கரண்டு போனா..." என்று அண்ணன் வாய்விட்டே ஆரம்பித்துவிட்டான். பாதியில் நிறுத்தினான். எனக்கு அப்போதுதான் அந்தக் குடையும், செத்துப்போன பேட்டரிகளும் நினைவுக்கு வந்தன. அண்ணன் என்னைப் பார்த்தான். இரண்டு பேருமே அத்தையைப் பார்க்கத் துணியவில்லை.

சித்திரையிலேயே பிரான்சிலிருந்து கடிதம் வந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் விபத்தில் மகன் போய்விட்டான். அத்தையின் இதயத்துக்குப் பயந்து மாமா அதை மறைத்துவிட்டார். கிளம்பினால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்று அடக்கத்துக்குக்கூடப் போகவில்லை. மகன் ஏன் போன் செய்யவில்லை என்று அத்தை அரித்தெடுத்தபோது வாயில் வந்த பொய்தான் அந்த கேம். அத்தை கம்ப்யூட்டரே வாங்கிக்கொண்டு அங்கே போவார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. வேறு வழியில்லாமல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவரே மகனானார். இதெல்லாம் பல வருஷம் கழித்து அவரே என் அப்பாவிடம் சொல்லி அழுதது. அன்றைக்கு எங்களுக்கு இவ்வளவு தெரியாது. ஆனால் அத்தைக்கு அந்த இருட்டில் எல்லாம் தெரிந்துவிட்டது.

அவர் நெஞ்சைப் பிடிக்கவில்லை, கத்தவில்லை. என் தோளிலிருந்து கையை எடுத்தார். உதடுகள் அசைந்தன. நான் கான்வென்டில் படிப்பவள். இறந்தவர்களுக்காகச் சொல்கிற செபம் எது என்று எனக்குத் தெரியும். சொல்லி முடித்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"தம்பி, இத எப்படி நிறுத்துறது?" என்று கேட்டார். அண்ணன் காட்டினான். அத்தையே குனிந்து யு.பி.எஸ்ஸின் பொத்தானை அமுக்கினார். காற்றாடியின் முனகலும் நின்றது. மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. மெழுகுவர்த்தி ஏற்றி மேசையில் வைத்துவிட்டு, ஆணியிலிருந்த சட்டையை எடுத்து மடியில் வைத்து மடிக்கத் தொடங்கினார். நாங்கள் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றோம்.

கீழே கதவு திறந்தது. மாமா மேலே வந்தார். குடை இருந்தும் தொப்பலாக நனைந்திருந்தார். "பொன் சுவார்" என்று வழக்கம்போலப் பிரெஞ்சில் மாலை வணக்கம் சொன்னார். பிறகு, அதுவும் வழக்கம்போல, "வந்தானா?" என்று கேட்டார்.

"வந்தான்."

"என்ன சொன்னான்?"

அத்தை சட்டையின் காலரை நீவிவிட்டார். "அப்பா மேல கோவமெல்லாம் இல்லையாம். எப்பவோ போயிடுச்சாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னான்."

மாமா அணைந்த திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அந்த வார்த்தையை யாரும் அடிக்கவில்லை என்று அந்த அறையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. குடையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. "வேற?" என்றார்.

"இனிமே வர நேரம் இருக்காதாம். நம்மள நாமதான் பாத்துக்கணுமாம்."

மாமா கட்டிலில் உட்கார்ந்தார். அவ்வளவு விறைப்பான மனுஷன் பிள்ளை மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதார். அத்தை எழுந்து கொடியிலிருந்த துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டிவிட்டார். நானும் அண்ணனும் சத்தமில்லாமல் படியிறங்கி, மழையிலேயே தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்குப் போனோம்.